மின்கிற்றாரில் எழும் வேண்டா ஓசைகள்

பாரவண்டியொன்று தெருவாற் செல்லும்போது வீட்டு அலுமாரியிலுள்ள கண்ணாடிக் குவளைகள் கிலுகிலுவென ஒலிப்பதைக் கேளாதார் இலர். வண்டி அலுமாரியைத் தொடவில்லை. குவளைகளை எவரும் அசைக்கவுமில்லை. ஆயினும் எல்லாக் குவளைகளும் ஒருங்கே ஒலிப்பதில்லை. ஒன்று மாத்திரம் ஒலிக்கும். வண்டியின் வேகம் மாறியதும் அது அடங்கிவிட, வேறொன்று தொடங்கும். வீட்டிலுள்ள ஒருவர் எழுந்துசென்று அக்குவளையை ஒரு விரலளவு நகர்த்தி வைத்தாற் போதும், ஓசை நின்றுவிடும். மின்கிற்றார் வாசிப்போரை அலைக்கழிக்கும் ஒரு தொல்லையின் இலக்கணம் பெரும்பாலும் இந்த அலுமாரிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

மின்கிற்றார் என்பது பழைய கிற்றாரைப் போன்று வயிறு பருத்த, உள்வெளியான மரப்பெட்டி அன்று. அதன் உடல் பெரும்பாலும் ஒரே கனத்த பலகை. பலகைக்கு மேலே ஆறு உருக்குத் தந்திகள். தந்திகளின் கீழே காந்தத்தைச் சுற்றிச் செப்புக் கம்பி சுருட்டிய பிக்கப் என்னும் உறுப்பு. உருக்குத் தந்தி காந்தப் புலத்தில் அதிரும்போது சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கும். அம்மின்னோட்டத்தை ஒலிபெருக்கி பன்மடங்காக்கி ஒலியாகத் தரும். ஜோர்ஜ் போஷாம், அடோல்வ் றிக்கன்பாக்கர் ஆகிய இருவரின் முயற்சியால் 1932இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கிற்றார் இம்முறையிலேயே இயங்கிற்று. அது வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் உடையதாயிருந்தமையால் 'பொரிக்கும் சட்டி' என்ற செல்லப்பெயரையும் பெற்றது. பின்னர் கலிபோர்ணியாவில் லியோ ஃபென்டர் என்பார் 1950இலும் 1954இலும் வெளியிட்ட கட்டைக் கிற்றார்கள் உலகெங்கும் பரவின. அவர் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர்; கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். எதையும் கழற்றிப் பூட்டக்கூடியதாகச் செய்யவேண்டும் என்ற பழுதுபார்ப்போனின் எண்ணம் அவருடைய கருவிகளில் நன்கு தெரியும். கழுத்தே திருகாணிகளால் உடலோடு பூட்டப்பட்டிருக்கும்.

இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. பழைய வாத்தியங்களில் மரமும் பசையும் தந்தியுமே இருந்தன. மின்கிற்றாரிலோ திருகாணிகள், சுரைகள், சுருள்விற்கள், தகடுகள், கம்பிகள் என எண்ணற்ற சிறு பொருள்கள் வந்து குடியேறின. ஒவ்வொன்றும் அலுமாரியிலுள்ள ஒரு குவளை என்று கருதுக.

ஓசையெல்லாம் குற்றம் என்று கொள்ளுதலும் தவறு. தம்புராவின் குதிரைமேல் தந்திக்கும் பலகைக்கும் இடையே பஞ்சு நூலிழையைச் செருகி 'ஜீவா' வருவிப்போர், தந்தி குதிரையை உரசி இரையும் ஓசையையே இசையின் உயிராகப் போற்றுகின்றனர். ஆகவே இரைச்சல் என்பது ஒலியின் இயல்பில் இல்லை. வேண்டாத இடத்தில், வேண்டாத நேரத்தில் எழும்போதே அது இரைச்சலாகின்றது. மின்கிற்றார் வாசிப்பவன் தான் அழையாத விருந்தினனையே வெளியேற்ற முயல்கிறான்.

இது அற்ப விடயம் என்று நினைப்போர் வாசிப்பவன் படும் பாட்டை அறியார். கலியாண வீடுகளிலே பைலாப் பாடல்களுக்கு வாசித்துச் சீவனம் நடத்தும் ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். அவனிடமிருப்பது ஒரே கிற்றார். அதுவும் கைமாறி வந்தது. ஒருநாள் ஐந்தாந் தந்தியில் ஏதோ ஒரு சுரத்தைத் தொட்டவுடன், ஈயொன்று போத்தலுக்குள் அகப்பட்டாற்போல் ஓர் இரைச்சல் கேட்கிறது. முதலில் அவன் அதைப் பொருட்படுத்துவதில்லை. பின்னர் அச்சுரம் வரும் இடத்தை விரல் தானாகவே தவிர்க்கத் தொடங்குகிறது. தவிர்த்துத் தவிர்த்து, அவன் வாசிப்பே ஒருபக்கம் சாய்ந்துவிடுகிறது. இறுதியில் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் செல்கிறான். மெட்டுகள் மேடுபள்ளமாய் உள்ளன, அராவி மட்டப்படுத்தவேண்டும் என்று சொல்லப்படுகிறது. ஒரு மெட்டின் உயரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான். அரத்தால் ஒருமுறை எடுத்த உலோகம் திரும்பி வராது. உண்மைக் காரணம் குதிரையில் தளர்ந்திருந்த சிறு திருகாணியொன்றாக இருந்தால், அவன் பணத்தையும் இழந்து, கருவியின் ஆயுளிலும் ஒரு பங்கை இழந்து, பழைய இரைச்சலோடேயே வீடு திரும்புவான்.

ஆகவே கருவியைத் திறக்குமுன் காதைத் திறத்தல் வேண்டும்.

முதலிற் செய்யத்தக்கது, ஓசை எங்கே கேட்கிறது என்று அறிதல். ஒலிபெருக்கியோடு இணைத்திருந்த கம்பியைக் கழற்றிவிட்டு, அமைதியான அறையில் அதே சுரத்தை மீட்டிப் பார்க்கவேண்டும். இப்போது ஓசை கேட்கவில்லையானால் குற்றம் கிற்றாரில் இல்லாமலே இருக்கலாம். ஒலிபெருக்கிப் பெட்டியின் பிடி, பின்பலகை, தளர்ந்த வால்வு, கிழிந்த ஒலிக்கூம்பு இவற்றுள் எதுவும் இரையக்கூடும். இன்னும் வேடிக்கையாக, அறையிலுள்ள பொருளே இரைவதுமுண்டு. மேளக்காரரின் சிறு டிரம்முக்குக் கீழே இழுத்துக் கட்டிய கம்பிச் சுருள்கள், எவரும் தொடாமலே கிற்றாரின் சில சுரங்களுக்கு மாத்திரம் 'சர்' என்று பதிலளிக்கும். கிற்றார்க்காரன் தன் கருவியைக் குறைகூறிக்கொண்டிருப்பான். யன்னற் கண்ணாடியும் சுவரில் தொங்கும் படமும் இவ்வாறே. அதற்கு மறுதலையாக, தந்தியை மீட்டாத போதும் ஒலிபெருக்கியில் ஓயாத ரீங்காரம் கேட்குமாயின் அது அதிர்வுக் குற்றமே அன்று; மின்சாரக் குற்றம். இலங்கையில் வீட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை திசை மாறி மீள்வதால் ஒற்றைச் சுருள் பிக்கப்பில் அந்த ரீங்காரம் ஏறும். அதனை அடக்கவே கிப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சேத் லவர் என்பார் 1955இல் இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கினார். அது வேறு கதை.

கம்பியைக் கழற்றிய பின்னரும் கிற்றாரிலேயே ஓசை கேட்குமானால், அடுத்த வினா: தந்தி எதிலேனும் உரசுகிறதா, அல்லது தளர்ந்த பொருளொன்று பரிவினால் அதிர்கிறதா? இவ்விரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும்; மருந்தோ முற்றிலும் வேறு. இவற்றைப் பிரித்தறிய மின்கிற்றாரிலேயே ஓர் அழகிய வழி அமைந்துள்ளது.

கிற்றாரின் ஒரே சுரம் பல இடங்களில் கிடைக்கும். நான்காந் தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் விநாடிக்கு ஏறக்குறைய 147 அதிர்வுள்ள சுரம் பிறக்கும். ஐந்தாந் தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தினாலும் அதே சுரம். ஆறாந் தந்தியைப் பத்தாம் மெட்டில் அழுத்தினாலும் அதே சுரம். மூன்றிடத்திலும் மீட்டிப் பார்க்கவேண்டும். மூன்றிலும் இரைச்சல் எழுந்தால் தந்தியின் மீது குற்றமில்லை. அந்த 147 என்ற எண்ணோடு ஒத்த இயல்பதிர்வு கொண்ட ஏதோ ஒரு பொருள் கருவியில் தளர்ந்து கிடக்கின்றது. ஓரிடத்தில் மாத்திரம் எழுந்தால், அந்தத் தந்தி அந்த இடத்தில் எதிலோ உரசுகிறது. பழுதுபார்ப்போரிடம் செல்லுமுன் இந்த ஒரு சோதனையைச் செய்தவன் பாதி வழி கடந்துவிட்டான்.

தளர்ந்த பொருளைப் பற்றி முதலிற் பார்க்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென ஓர் இயல்பான மீடிறன் உண்டு. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு விசையிலேயே அது உயர எழுவதுபோல, பொருளின் இயல்பு மீடிறனும் சுரத்தின் மீடிறனும் ஒன்றானால் பொருள் பெருவீச்சத்தோடு அதிரும். பௌதிகவியலார் இதனைப் பரிவு என்பர். தளர்ந்த சுரை ஒரு குறித்த சுரத்துக்கு மாத்திரம் 'விழித்து' எழுவதன் காரணம் இதுவே. பலர் இதைக் கண்டு, "இந்தக் கிற்றாருக்கு இந்தச் சுரம் ஒத்துவராது" என்று கருவியின் பிறவிக் குணமாக்கிவிடுவர். பிறவிக் குணம் அன்று. ஒரு திருகாணியின் குணம்.

தேடும் முறை எளிது, பொறுமைதான் அரிது. ஒருவர் அச்சுரத்தை விடாது மீட்டிக்கொண்டிருக்க, மற்றொருவர் விரல் நுனியால் ஒவ்வோர் உறுப்பாக மெல்ல அழுத்திவரவேண்டும். எதனைத் தொட்டவுடன் ஓசை நிற்கிறதோ, அதுவே கள்வன். தனியாளாக இருப்போன் ஒரு மரக்குச்சியின் ஒரு முனையைக் காதருகே வைத்து மறுமுனையால் உறுப்புகளைத் தொட்டுக் கேட்கலாம். மோட்டார் எஞ்சின் பழுதுபார்ப்போர் செய்வதும் இதுவே. காது ஏமாற்றும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கட்டைப் பலகை ஒலியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுசெல்வதால், தலைப்பிலுள்ள முறுக்காணியின் ஓசை குதிரையிலிருந்து வருவதுபோலத் தோன்றுவது வழமை.

முறுக்காணியிலிருந்தே தொடங்குதல் நன்று. முறுக்காணித் தண்டைச் சுற்றித் தலைப்பின் முன்பக்கத்தில் இறுக்கப்படும் சிறு சுரை, நாளடைவில் மரம் சுருங்குவதால் தளர்ந்துவிடும். பின்பக்கத்திலுள்ள நுண்ணிய திருகாணிகளும் அவ்வாறே. அடுத்து, தோள்வாரைக் கொளுவும் குமிழ்கள். கம்பியைச் செருகும் துளையின் சுரை. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளின் சுரைகள். முன்முகத்தை மூடிய பிளாஸ்ரிக் தகட்டின் திருகாணிகள். பிக்கப்பைத் தாங்கும் சிறு சுருள்விற்களும் இறுக்கம் குறைந்தால் இரையும். உடலைக் குடைந்த பள்ளத்துக்குள் கிடக்கும் மின்கம்பியொன்று மரத்தைத் தட்டித் தட்டி ஒலிப்பதுமுண்டு. தகட்டைக் கழற்றி, ஒரு துண்டுப் பஞ்சால் அக்கம்பியை ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது.

மறைந்திருந்து ஏமாற்றும் உறுப்பு ஒன்றுண்டு. தந்திகளின் இழுவை அனைத்தையும் கூட்டினால், சாதாரணக் கட்டுத் தந்திகளில் ஏறக்குறைய 45 கிலோகிராம் எடையின் விசையாகும். இவ்விசையால் கழுத்து வில்லாய் வளையாதிருக்க, அதனுள்ளே ஓர் உருக்குக் கோல் ஓடுகிறது. கிப்சன் நிறுவனத்தார் 1920களில் கொண்டுவந்த ஏற்பாடு இது. அக்கோல் தளர்ந்து கிடந்தால், தன் குழிக்குள்ளேயே அதிர்ந்து இரையும். வெளியே எதைத் தொட்டாலும் ஓசை நிற்காது. கழுத்தை இறுகப் பிடித்தால் மாத்திரம் ஓசை மாறும். கோலைச் சற்றே முறுக்கினால் அடங்கும். ஆயினும் ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் முறுக்குதல் ஆபத்து. முறுக்கிய பின் தந்திகளை மீண்டும் சுருதி சேர்த்துப் பார்த்தே அடுத்ததைச் செய்யவேண்டும்.

இனிக் குதிரை. ஓசைகளின் தலைமைச் செயலகம் இதுவே. 1954இல் வெளிவந்த ஃபென்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கருவியில் ஆறு தந்திக்கும் ஆறு தனிச் சேணங்கள். ஒவ்வொரு சேணத்துக்கும் உயரத்தை மாற்ற இரு நுண் திருகாணிகள், முன்பின் நகர்த்த ஒரு நீண்ட திருகாணி, அதனைச் சுற்றி ஒரு சுருள்வில். ஆகக் குதிரையில் மாத்திரம் திருகாணிகள் பதினெட்டு. இரு கால்களில் ஒன்று தரையைத் தொடாத நாற்காலி ஆடுவதுபோல, இரு நுண் திருகாணிகளில் ஒன்று அடித்தகட்டைத் தொடாதிருந்தால் சேணம் ஆடி இரையும். கருவியின் பின்பக்கத்திலே குதிரையை இழுத்துப் பிடிக்கும் நீண்ட சுருள்விற்களும் உள்ளன. மூன்று முதல் ஐந்து வரை பூட்டலாம். தந்திகளைக் கையால் அடக்கிய பின்னரும் கோயில் மணியின் கார்வைபோல் ஓர் ஒலி தொடர்ந்து கேட்டால், அது இச்சுருள்விற்களின் வேலை. விற்களுக்கு நடுவே மெல்லிய துணியையோ நுரைப்பஞ்சையோ செருகிவிடுவது பலரும் கைக்கொள்ளும் வழி.

கிப்சன் கருவிகளின் குதிரையில் ஒரு விநோதம் உண்டு. தந்தி அறுந்தால் சேணங்கள் கழன்று விழாதிருக்க, 1960களின் தொடக்கத்தில் அவற்றின் குறுக்கே மெல்லிய கம்பியொன்றை மாட்டினார்கள். சேணம் விழவில்லை, ஆனால் கம்பியே இரையத் தொடங்கிற்று. ஒரு குறையை நீக்கப் புகுந்த மருந்து மற்றொரு நோயாகிவிட்டது. கம்பியைச் சற்றே வளைத்து இறுக்கமாகப் பொருந்தச் செய்தால் ஓசை அடங்கும். ஃபென்டர் 1958இல் வெளியிட்ட ஜாஸ்மாஸ்டர் கருவியிலோ தந்தி குதிரையைத் தாண்டி மிகச் சிறிய கோணத்திலேயே கீழிறங்குகிறது. ஆதலின் குதிரைமீது தந்தி தரும் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தவிடத்தில் உறுப்புகள் ஆடுவது இயல்பே. கனத்த தந்திகளைப் பூட்டினால் இத்தொல்லை குறையும். அக்கருவி வெளிவந்த காலத்தில் மக்கள் பூட்டியதும் கனத்த தந்திகளையே. பின்னாளில் மெல்லிய தந்திகளை விரும்பியோர், குற்றத்தைக் கருவியின் தலையிற் கட்டினார்கள்.

இரண்டாம் வகையைப் பார்க்கலாம். அதாவது தந்தி மெட்டில் உரசுவது. இங்கே ஓசை எழும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். விரல் வைக்காத தந்தி மாத்திரம் இரைந்து, எந்த மெட்டில் அழுத்தினாலும் தெளிவாக ஒலித்தால், குற்றம் கழுத்தின் தலைப்பிலுள்ள பட்டையில். அதன் பள்ளம் ஆழமாகத் தேய்ந்துவிட்டது. முதல் நான்கைந்து மெட்டுகளில் மாத்திரம் இரைந்தால் கழுத்து அளவுக்கு மீறி நேராகவோ பின்புறம் வளைந்தோ இருக்கின்றது. ஒரே மெட்டுக்கு முந்திய இடங்களில் மாத்திரம் இரைந்தால், அந்த மெட்டுத்தான் மேலெழும்பியுள்ளது. வீணையில் இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பதால், மெழுகு இளகினால் மெட்டு இடம்பெயரும். கிற்றாரில் மெட்டு மரத்திலேயே அறையப்பட்டிருப்பினும், மரம் காய்ந்தால் அதன் முனை மேலெழுவதுண்டு. அத்தகைய மெட்டை அராவுமுன் மெல்லத் தட்டிப் பதித்துப் பார்த்தல் அறிவுடைமை.

தந்தி அதிரும்போது நடுவிலேயே அகன்று ஊசலாடும். அதற்கு இடங்கொடுக்கக் கழுத்து இம்மியளவு முன்வளைந்திருத்தல் வேண்டும். ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருங்கே அழுத்திப் பிடித்து, ஏழாம் அல்லது எட்டாம் மெட்டுக்கு மேலே தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால், ஏறக்குறைய கால் மில்லிமீற்றர் இருக்கவேண்டும். எழுதும் தாள்கள் இரண்டு மூன்றை அடுக்கிய கனம். இந்த இடைவெளி அற்றுப்போவதற்கு மழைக்காலமே போதும். மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், காய்ந்தாற் சுருங்கும். கோடையிற் குறையின்றி ஒலித்த கருவி வாடைக்காற்றோடு மழை பிடித்ததும் இரைவதும், குளிரூட்டிய மண்டபத்தில் ஒருவிதமாகவும் வீட்டில் ஒருவிதமாகவும் நடப்பதும் இதனாலேயே. தந்தி மாற்றிய அன்றே இரைச்சல் தொடங்கினால் அதற்கும் இதே விளக்கம் பொருந்தும். மெல்லிய தந்திகளுக்கு இழுவை குறைவு. இழுவை குறையக் கழுத்து நிமிர்ந்துவிடும். தந்தி மெட்டின்மேல் படுத்துவிடும். உட்கோலைச் சிறிது தளர்த்தினாலே தீரக்கூடிய இதற்கு அரத்தை எடுப்பவரிடம் கருவியைக் கொடுக்காதிருத்தல் நலம்.

தந்தியின் மீதே குற்றம் இருப்பதுமுண்டு. தடித்த தந்திகள் ஒரு கம்பியின் மீது மற்றொரு கம்பி சுற்றியவை. சுற்று ஓரிடத்தில் நெகிழ்ந்தால் தந்தி தன்னுள்ளேயே இரையும். வேறு தந்தி மாட்டிப் பார்ப்பதே இதற்குச் சோதனை, செலவும் குறைவு. பிக்கப் தந்திக்கு மிக அணுக்கமாக உயர்த்தப்பட்டிருந்தால், காந்தம் தந்தியைத் தன்பால் இழுத்து அதன் ஊசலாட்டத்தைக் குலைக்கும். உயர்ந்த மெட்டுகளில் சுரம் ஒன்றாயில்லாது இரண்டாய்ப் பிளந்து அலைவதுபோல் கேட்டால் பிக்கப்பைச் சற்றுத் தாழ்த்திப் பார்க்கவேண்டும்.

மேற்சொன்ன இளைஞனிடம் மீளலாம். அவன் கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடாமல், ஒரு மாலைப்பொழுதில் தம்பியைத் துணைக்கு இருத்திக்கொண்டு தேடியிருந்தால் நடந்திருக்கக்கூடியது இது. ஐந்தாந் தந்தியில் இரைந்த சுரத்தை நான்காவதிலும் ஆறாவதிலும் மீட்டிப் பார்க்கிறான், அங்கும் இரைச்சல். எனவே மெட்டுகள் நிரபராதிகள். தம்பி மீட்ட, அவன் தலைப்பிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு வருகிறான். முறுக்காணிகள், தகடு, பிக்கப் எதிலும் மாற்றமில்லை. குதிரைக்கு வந்து, முதலாந் தந்தியின் சேணத்தில் விரலை வைத்தவுடன் ஓசை பட்டென்று நிற்கிறது. இரைந்தது ஐந்தாந் தந்தியின் சேணம் அன்று. அந்தச் சுரம் எழும்போதெல்லாம் துணைக்கு எழுந்தது முதலாந் தந்தியின் சேணத்திலிருந்த, அடித்தகட்டைத் தொடாது தொங்கிய நுண் திருகாணி.

அதனை அறுகோணச் சாவியால் தகட்டைத் தொடும்வரை இறக்கி, இரு கால்களும் சமமாக நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு, புரியில் ஒரு துளி நிறமற்ற நகப்பூச்சை இடவேண்டும். பூச்சு உலர்ந்தபின் எவ்வளவு அதிர்ந்தாலும் திருகாணி தானாக நெகிழாது. பின்னொருநாள் தந்தியின் உயரத்தை மாற்ற விரும்பினால், சாவியைச் சற்று அழுத்தித் திருப்பியதும் அப்பூச்சு உடைந்து வழிவிடும்.